டியூட்ரான் உடைந்து பையான் வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முனைவாக்கம் பெற்ற, அதாவது தற்சுழற்சிகள் (ஸ்பின்) ஓர் ஒழுங்கில் அமைந்த, டியூட்ரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) கற்றையை ஓர் இலக்கில் மோதவிட்டு, முன்திசையில் வரும் பையான்களை (மோதலில் பிறக்கும் இலேசான துகள்கள்) எண்ணும் சோதனைகளைப் படிக்கும்போது பலருக்கும் எழும் சந்தேகம் இது: பையானின் தற்சுழற்சி சுழியம்தானே, இதில் முனைவாக்க விளைவு எங்கிருந்து வரும்? இங்கே யாரும் பையானின் முனைவாக்கத்தை அளப்பதில்லை. டியூட்ரானின் தற்சுழற்சி 1. அதன் நிலையை மாற்றினால் பையான்களின் எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதே அளவீடு.

வெக்டர் முனைவாக்கத்தையும் டென்சர் முனைவாக்கத்தையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. தற்சுழற்சிகள் அச்சின் எந்தப் பக்கம் அதிகம் பார்க்கின்றன என்பது வெக்டர்; எந்தப் பக்கம் என்று பாராமல், அவை அச்சோடு ஒட்டியிருக்கின்றனவா, அதற்குக் குறுக்காக இருக்கின்றனவா என்பது டென்சர். சரியாக 0 டிகிரியில், அதாவது கற்றையின் திசையிலேயே, இடது, வலது என்ற வேறுபாடே கிடையாது. அதனால் கற்றைக்குக் குறுக்கான வெக்டர் முனைவாக்கம் அங்கே எண்ணிக்கையை மாற்றாது, டென்சர் மாற்றும்.

கணக்கில்தான் பெரிய ஆபத்து. கற்றையின் முனைவாக்க அச்சு பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும். டென்சர் முனைவாக்கத்தால் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் டென்சர் பகுப்புத்திறனையோ கற்றை செல்லும் திசையை அச்சாக வைத்து வரையறுக்கிறார்கள். அச்சை 90 டிகிரி திருப்பும்போது −1/2 என்ற காரணி வந்து சேர்கிறது. அதை மறந்தால் விடையின் குறி தலைகீழாகும், அளவும் பாதியாகிவிடும். எண்ணிக்கை வேறுபாட்டைக் கற்றையின் முனைவாக்க அளவால் வகுக்கவும் மறக்கக் கூடாது.

அப்புறம், வேகமான பையான் எல்லாம் கியூமுலேட்டிவ் பையான் ஆகிவிடாது. 9 ஜிஇவி/சி (துகள்களின் உந்தத்தை அளக்கும் அலகு) உந்தமுள்ள டியூட்ரானில் ஒரு நியூக்ளியானின் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) பங்கு 4.5. அந்த உந்தத்தில் தனி நியூக்ளியான் மோதினால் 0 டிகிரியில் பையானுக்கு அதிகபட்சம் சுமார் 3.3 ஜிஇவி/சி கிடைக்கும். அந்த எல்லையைத் தாண்டியவையே கியூமுலேட்டிவ்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சிறிய மதிப்பைப் பார்த்ததும் 'விளைவு இல்லை' என்று ஒதுக்குவது. 1990-களில் ரஷ்யாவின் துப்னா ஆய்வு மையத்தில் ஹைட்ரஜன், பெரிலியம், கார்பன் இலக்குகளில், 3.5 முதல் 5.3 ஜிஇவி/சி வரையுள்ள எதிர்மின் பையான்களை அளந்தார்கள். டென்சர் பகுப்புத்திறன் சிறியதாகவே இருந்தது, நேர்க்குறியோடும் ஒத்துப்போனது. அதே டியூட்ரான் உடைந்து புரோட்டான் வரும்போது பெரிய எதிர்மதிப்பு கிடைக்கிறது. டியூட்ரானுக்குள் அதிக உந்தத்தோடு ஓடும் ஒரு நியூக்ளியான், இலக்கிலுள்ள நியூக்ளியானை நேரடியாக மோதிப் பையானை உண்டாக்குகிறது என்ற விளக்கத்தின் கணிப்போடு இந்த அளவீடு முரண்படுகிறது. அந்த எளிய விளக்கம் போதாது என்று சொல்லும் ஆதாரமே இந்தச் சிறிய எண்தான்.