ரேடார் எதிரொலியில் தூரம்: கணக்கு எங்கே பிசகுகிறது?

ரேடார் அனுப்பும் அலையின் வேகத்தை, அது பட்டுத் திரும்பிவரும் நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். இதில் அந்த இரண்டைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எதிரொலி 400 மைக்ரோநொடியில் திரும்பினால் விமானம் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அலை போய்வந்த மொத்தப் பாதை அது. விமானம் இருப்பது 60 கி.மீ.யில். ஒரு மைக்ரோநொடிக்கு 150 மீட்டர் என்று மனதில் வைத்துக்கொண்டால் வகுக்கவே வேண்டாம். ஒலியின் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தை இங்கே இழுத்து வருபவர்களும் உண்டு. ரேடார் அனுப்புவது ரேடியோ அலை, அது ஒளியின் வேகத்தில் போகும்.

அந்த வேகத்தை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. என்று முழுமையாக்குவது விமானத்துக்குப் பெரும்பாலும் போதும்; 60 கி.மீ.யில் 40 மீட்டர்தான் கூடும். நிலவுக்கு அதே எண்ணைப் போட்டால் 260 கி.மீ.க்கு மேல் தவறும்.

சூத்திரம் சரியாக இருந்தும் ஏமாற்றுகிற பிழை வேறு. நொடிக்கு ஆயிரம் துடிப்புகள் (சிறு அலைத்துணுக்குகள்), அதாவது 1,000 மைக்ரோநொடிக்கு ஒன்று, அனுப்பும் ரேடாரை எடுத்துக்கொள்ளுங்கள். 170 கி.மீ.யில் உள்ள விமானத்தின் எதிரொலி வந்து சேர 1,133 மைக்ரோநொடி ஆகும். அதற்குள் அடுத்த துடிப்பு கிளம்பியிருக்கும். கருவி புதிய துடிப்பிலிருந்து எண்ணி, 133 மைக்ரோநொடி என்று கொண்டு, விமானத்தை 20 கி.மீ.யில் காட்டும். இந்த ரேடாருக்கு 150 கி.மீ.தான் எல்லை. சந்தேகம் வந்தால் துடிப்புகளின் இடைவெளியை மாற்றிப் பார்க்க வேண்டும்: உண்மையான இடம் மாறாது, போலி இடம் தாவும்.

கிடைப்பது சாய்வுத் தூரம், அதாவது ரேடாரிலிருந்து விமானத்துக்கு நேர்கோட்டில் உள்ள தூரம், என்பதும் மறந்துபோகும். 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானம் 12 கி.மீ. என்று காட்டினால், தரையில் அது சுமார் 6.6 கி.மீ. தள்ளித்தான் இருக்கிறது. கோள்களிலோ எதிரொலி முதலில் வருவது நம்மை நோக்கிய மேற்பரப்பிலிருந்து. வெள்ளியின் மையத்துக்குத் தூரம் வேண்டுமென்றால் அதன் ஆரம், சுமார் 6,052 கி.மீ., சேர வேண்டும்.

வெள்ளி பெரிய ஆய்வகங்களையே ஏமாற்றியிருக்கிறது. 1958இல் அமெரிக்காவின் லிங்கன் ஆய்வகம் மில்ஸ்டோன் ரேடாரால் வெள்ளியின் எதிரொலியைப் பிடித்ததாக நம்பி, அதிலிருந்து பூமி-சூரியன் தூரத்தைக் கணக்கிட்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் வானாய்வகமும் ஒத்துப்போவதுபோல் ஒரு முடிவைத் தந்தது. இரண்டும் வெறும் இரைச்சல். இவ்வளவு மங்கலான சமிக்ஞையில், ஏற்கெனவே ஒருவர் சொன்ன இடத்தில் தேடினால் எதையாவது பார்த்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. 1961இல் வெள்ளி மீண்டும் அருகே வந்தபோது கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ரேடார் நிலையத்தில் ஐயத்துக்கிடமில்லாத எதிரொலி கிடைத்தது. சூரியனுக்கான தூரம் சுமார் 14 கோடியே 96 லட்சம் கி.மீ. என்று வந்தது. 1958இன் எண் அதிலிருந்து ஒரு லட்சம் கி.மீ.க்கு மேல் விலகியிருந்தது. அதே ஆண்டு லிங்கன் ஆய்வகம் எடுத்த புதிய அளவீடும் கோல்ட்ஸ்டோன் பக்கமே நின்றது.