இரவில் தானாக ஓடும் கோப்புப் பரிமாற்றம்

அலுவலகக் கணினியிலிருந்து பேக்கப் சர்வருக்கு ஒவ்வோர் இரவும் கோப்புகளை அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதுவது எளிது. அது யாரிடமும் எதையும் கேட்காமல் ஓடும்படி செய்வதில்தான் வேலை இருக்கிறது. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். அக்கோப்பைப் படிக்க முடிந்த எவரும் கடவுச்சொல்லையும் படித்துவிடுவர்.

அதற்குப் பதிலாக, கணினிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச் நிரலுடன் வரும் எஸ்எஸ்ஹெச்-கீஜென் கருவி கொண்டு ஈடி25519 வகையில் இந்த வேலைக்கென்றே ஒரு சாவி இணையை (உங்களிடம் இருக்கும் தனிச் சாவி, சர்வருக்குத் தரும் பொதுச் சாவி) உருவாக்குங்கள். ஆளில்லா நேரத்தில் பயன்படுவதால் இதற்குக் கடவுத்தொடர் (சாவியைத் திறக்கும் கடவுச்சொல்) வைப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. எனவே தனிச் சாவிக் கோப்பின் அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத) ஆக்க வேண்டும். பிறரும் படிக்கும்படி கிடந்தால் எஸ்எஸ்ஹெச் அதை ஏற்காது. பலர் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். மறுமுனையில், ஏற்கப்படும் சாவிகளைப் பட்டியலிடும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் பொதுச் சாவியைச் சேர்க்கும்போது, அதே வரியின் தொடக்கத்தில் பிற வசதிகளை முடக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லையும், ஆர்சிங்க் என்ற கோப்புப் பரிமாற்ற நிரலுக்கு எல்லையிடும் ஆர்ஆர்சிங்க் என்ற சிறு நிரலை மட்டும் இயக்க இடம்தரும் 'கமாண்ட்' விதியையும் எழுதி, அந்நிரலுக்கு ஒரே ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால், சாவி களவுபோனாலும் திருடியவரின் கை அந்தக் கோப்புறைக்கு அப்பால் நீளாது.

அடுத்தது சர்வரின் அடையாளம். நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் பகலில் கையால் இயக்கியபோது குறையின்றி ஓடியது, இரவில் ஓடவில்லை. குறித்த நேரத்தில் நிரல்களை இயக்கும் கிரான் அதை ரூட் என்ற நிர்வாகப் பயனராக இயக்கியது. சர்வரின் அடையாளச் சாவி பதிவாகியிருந்ததோ என் கணக்கின் நோன் ஹோஸ்ட்ஸ் (அறிந்த சர்வர்களின் பட்டியல்) கோப்பில். இதற்குச் சர்வரின் சாவியைச் சரிபார்க்கும் சோதனையையே அணைத்துவிடும்படி இணையத்தில் சொல்லப்படும் யோசனை, இடையில் புகுந்த வேறொரு கணினிக்குக் கோப்புகளை ஒப்படைக்க வழிசெய்துவிடும். ஸ்கிரிப்ட் எந்தப் பயனராக ஓடுமோ அந்தப் பயனராக ஒருமுறை இணைந்து, சர்வரின் கைரேகையை (அதன் சாவியின் சுருக்க அடையாளம்) நிர்வாகியிடம் கேட்டு ஒப்பிட்ட பிறகே 'யெஸ்' (yes) என்று தட்டச்சு செய்யுங்கள். 'பேட்ச்மோட்' விருப்பத்தையும் இயக்கிவிட்டால், கடவுச்சொல் கேட்டு விடியும்வரை காத்திராமல் எஸ்எஸ்ஹெச் பிழையுடன் உடனே வெளியேறும்.

பரிமாற்றத்துக்கு நான் ஆர்சிங்கையே பரிந்துரைப்பேன்: மாறியவற்றை மட்டும் அனுப்புகிறது, கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்தபின் பெயர் மாற்றுவதால், பாதி வந்த கோப்பு முழுக்கோப்பின் பெயரில் தோன்றாது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை போதும். ஆர்சிங்க் தரும் வெளியேறு எண்ணை ஸ்கிரிப்ட் கட்டாயம் பார்க்க வேண்டும்: 0 என்றால் வெற்றி, 24 என்றால் அனுப்பும் வேளையில் சில மூலக் கோப்புகள் மறைந்துவிட்டன என்று பொருள், லாகில் எழுதினால் போதும், 23 என்றால் சில கோப்புகள் போய்ச் சேரவில்லை, அப்போது உங்களுக்கு மின்னஞ்சல் வர வேண்டும்.