தெர்மல் கேமரா வாங்கியாயிற்று: மின் பேனல் ஆய்வுக்குப் பயிற்சியும் சான்றிதழும் பெறும் வழி

இன்று பல தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவில் ஒரு தெர்மல் கேமரா இருக்கிறது. தளர்ந்த இணைப்பு கருகுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதற்காகவே அதை வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கருவி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்வீச்சை அளந்து, நாம் உள்ளிட்ட எண்களைக் கொண்டு வெப்பநிலையைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. நாம் கொடுத்த எண் தவறானால் திரையில் தெரிவதும் தவறாகவே இருக்கும்.

பேனலுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பளபளப்பான செம்புப் பட்டையான பஸ்பாரை எடுத்துக்கொள்வோம். அதன் உமிழ்திறன், அதாவது வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன் (அதிகபட்சம் 1), சுமார் 0.05 மட்டுமே. கேமராவிலோ பெரும்பாலும் 0.95 என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். சுற்றுப்புறம் 30 டிகிரி செல்சியஸாக இருக்கும் அறையில், அந்த பஸ்பார் உண்மையில் 100 டிகிரியில் இருந்தாலும், திரையில் ஏறத்தாழ 35 டிகிரிதான் தெரியும். கேமராவுக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி, சுற்றியுள்ள பொருள்களின் கதிர்வீச்சு செம்பில் பட்டுத் திரும்புவதே ஆகும். பயிற்சி பெற்றவர் வெறும் உலோகத்தின் மீது அளவெடுக்காமல், அதை ஒட்டியுள்ள கேபிள் இன்சுலேஷனின் மீதோ, மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில் முன்னதாகவே ஒட்டிவைத்த இன்சுலேஷன் டேப்பின் மீதோ அளவெடுப்பார்.

லோடும் அவ்வாறே முக்கியமானது. இணைப்பில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே 40 சதவீத லோடில் 10 டிகிரி மட்டுமே கூடுதலாகத் தெரியும் லக் (கேபிள் முனையில் பொருத்தும் இணைப்பு உலோகம்), முழு லோடில் கணக்குப்படி 60 டிகிரிக்கு மேல் கூடுதலாகச் சூடேறலாம்; நடைமுறையில் இது சற்றுக் குறையக்கூடும். கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளாமல் எழுதப்படும் அறிக்கையை நான் ஆய்வறிக்கையாகவே கருதமாட்டேன். தூரத்தையும் மறந்துவிடக் கூடாது: குறுக்கே 160 பிக்சல்களும் 45 பாகைக் காட்சிக் கோணமும் உள்ள கேமராவில், 2 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் மட்டுமே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் அகலத்தை உள்ளடக்கும். நம்பத்தக்க அளவுக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று பிக்சல்கள் வேண்டும் என்பதால், அவ்வளவு தூரத்திலிருந்து சிறிய ஸ்க்ரூ ஒன்றின் வெப்பநிலையைச் சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் முறையாகக் கற்பிப்பதே முதல் நிலைப் பயிற்சி. இது பொதுவாக நான்கு நாட்கள், ஏறத்தாழ 32 மணி நேரம் நடைபெறும். முதல் நிலையினர், எழுதப்பட்ட நடைமுறையைப் பின்பற்றிப் படமும் தரவும் சேகரிப்பார்கள். இரண்டாம் நிலையினர், கருவியை அமைத்து, முடிவுகளை விளக்கி அறிக்கை தருவார்கள். மூன்றாம் நிலையினர், அந்த நடைமுறைகளையும் ஏற்பு அளவுகோல்களையும் வகுப்பார்கள்.

சேர்வதற்கு முன், கிடைக்கப்போவது எந்த வகைச் சான்றிதழ் என்பதைக் கேட்டுத் தெளியுங்கள்; பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் அழிவிலாச் சோதனைக்கான அமெரிக்கக் கழகமான ஏ.எஸ்.என்.டி. வெளியிட்ட எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில், பயிற்சி நிலையம் தருவது பயிற்சி முடித்ததற்கும் தேர்வு எழுதியதற்குமான சான்று மட்டுமே. உங்கள் அனுபவத்தையும் பார்வைச் சோதனையையும் சரிபார்த்து, தகுதிச் சான்றை அளிக்க வேண்டியது பணியமர்த்தும் நிறுவனம். ஐ.எஸ்.ஓ. 9712 முறையில் சுயேச்சையான சான்றளிப்பு அமைப்பே அதைத் தருகிறது. அதன் செல்லுபடிக் காலம் அதிகபட்சம் 5 ஆண்டுகள். இயந்திர நிலைக் கண்காணிப்பில் தெர்மோகிராஃபி (வெப்பப் படம் எடுத்து ஆய்தல்) செய்பவர்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 18436-7 இருக்கிறது. இந்தியாவில் உள்ளவர்கள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய அழிவிலாச் சோதனைக் கழகத்திடம் விசாரித்துத் தொடங்கலாம். கேமரா விற்பவர் அரை நாளில் காட்டும் செயல்விளக்கம் பயனுள்ளதுதான், ஆனால் அது பயிற்சியாகாது.

வகுப்பு முடிந்ததும் ஆபத்தில்லாத பொருள்களை வைத்துக் கை பழகுங்கள். வெந்நீர் நிரம்பிய பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, டேப்பின் மீதும் உலோகத்தின் மீதும் அளந்து ஒப்பிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். கேமராவில் அவர் தெரியமாட்டார், உங்கள் பிரதிபலிப்புதான் தெரியும். பேனலின் கண்ணாடிக் கதவு வழியாக ஏன் ஆய்வு செய்ய இயலாது என்பது அப்போது கண்முன்னே விளங்கும்.

தெர்மோகிராஃபி சான்றிதழ், மின்சாரம் ஓடும் பேனலைத் திறக்க உரிமை அளிப்பதில்லை. கதவைத் திறப்பது தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. இருவரும் ஆர்க் ஃபிளாஷ் (மின்பொறியால் திடீரென எழும் கடும் வெப்ப வெடிப்பு) பாதுகாப்பு உடை அணிந்திருக்க வேண்டும். இதில் ஒருபோதும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள்.

வெளியாளை நியமிக்கும் மேலாளர், சான்றிதழோடு பழைய அறிக்கை ஒன்றையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு வெப்பப் படத்துக்கும் இணையாகச் சாதாரணப் புகைப்படமும், உமிழ்திறன், பிரதிபலிப்பு வெப்பநிலை, தூரம், லோடு ஆகியவையும், கேமராவின் கடைசி அளவுதிருத்தத் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழுது நீக்கிய பிறகு அதே இணைப்பை, அதே அளவு லோடில் மீண்டும் படமெடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.