சமுதாயக் கல்லூரியிலிருந்து உயிர்மருத்துவப் பட்டத்துக்கு: மாணவருக்கு வழிகாட்டும் முறை

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து உயிர்மருத்துவம் சார்ந்த பட்டம் பெற விரும்பும் மாணவருக்கு உதவ முன்வருபவர், அவர் பொது வேதியியலை எந்தச் செமஸ்டரில் தொடங்குகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பொது வேதியியலுக்கு இரண்டு செமஸ்டர், அதை முடித்த பிறகே எடுக்கக்கூடிய கரிம வேதியியலுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் என்று நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகவே வருவதால், முதல் செமஸ்டரைத் தவறவிட்டவருக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு எளிதில் மூன்றாகிவிடும். வசதி குறைந்த மாணவருக்கு அமெரிக்க அரசு தரும் பெல் உதவித்தொகைக்கு வாழ்நாள் வரம்பு ஏறத்தாழ 12 செமஸ்டர்தான் என்பதால், இங்கே வீணாகும் ஒவ்வொரு செமஸ்டரும் பல்கலைக்கழக நாள்களிலிருந்து கழிகிறது. வசதி குறைந்த மாணவரையே இது கடுமையாகத் தாக்குகிறது என்பதால், இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மாணவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடாகும் என்று காட்டும் அசிஸ்ட் (assist.org) இணையதளத்தைத் திறந்து, அவருடைய கல்லூரியையும், சேர விரும்பும் வளாகத்தையும், பட்டப் பிரிவையும் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடமும், வலப்பக்கம் அதற்கு ஈடாக ஏற்கப்படும் கல்லூரிப் பாடமும் வரும். ஈடான பாடம் இல்லையென்றால் அதுவும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். டேவிஸ் போன்ற காலாண்டு முறை (பத்து வாரப் பருவங்கள்) வளாகத்தில் மூன்றாகப் பிரிந்திருக்கும் பாடத்தொடர், கல்லூரியின் செமஸ்டர் முறையில் பெரும்பாலும் இரண்டாக இருக்கும். ஆகவே தொடரில் பாதியை ஒரு கல்லூரியிலும் மீதியை வேறொன்றிலும் படித்தால், நடுவே சில பகுதிகள் விடுபட்டுப்போகலாம். தொடங்கிய இடத்திலேயே முழுத் தொடரையும் முடிப்பது நல்லது. செவிலியர் படிப்புக்கான வேதியியலும் அறிவியல் மாணவருக்கான வேதியியலும் பெயரில் நெருங்கியிருப்பதால், தலைப்பை நம்பாமல் பாட எண்ணைச் சரிபாருங்கள்.

எல்லாப் பட்டங்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் மொழி, வரலாறு போன்ற பொதுக்கல்விப் பாடங்கள் அனைத்தையும் முதலில் முடித்துவிடும்படி பலர் அறிவுரை கூறுகிறார்கள். அறிவியல் மாணவருக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. வேதியியல், உயிரியல், நுண்கணிதம், இயற்பியல் ஆகியவற்றுக்கே முதலிடம் கொடுத்து, ஆய்வகம் உள்ள இரண்டு பாடங்களோடு ஒரு பொதுக்கல்விப் பாடத்தை மட்டும் ஒவ்வொரு செமஸ்டரிலும் சேர்த்துக்கொண்டால் படிக்கவும் நேரம் கிடைக்கும், மதிப்பெண்ணும் சரியாது.

இலையுதிர் பருவத்தில் சேர, அதற்கு முந்தைய வசந்தப் பருவம் முடிவதற்குள் பல்கலைக்கழகம் ஏற்கும், மாற்றத்தக்க 60 செமஸ்டர் யூனிட்டுகள் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகுகள்) இருக்க வேண்டும். மாநிலவாசிகளுக்கான குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (நான்குக்குக் கணக்கிடப்படும் சராசரி மதிப்பெண்) 2.4 என்றாலும், போட்டி மிகுந்த உயிரியல் பிரிவுகளுக்கு அது போதாது. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளை நிறைவு செய்தவருக்கு இடத்தை உறுதி செய்யும் சேர்க்கை உறுதித் திட்டம் வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் செப்டம்பரில் விண்ணப்பிக்கலாம். ஆனால் எல்லாப் பிரிவுகளும் அதில் அடங்குவதில்லை. பொது விண்ணப்பத்தை நவம்பர் இறுதிக்குள் அனுப்பிவிட்டு, ஜனவரியில் இலையுதிர் பருவ மதிப்பெண்களையும் அடுத்த பருவத்துக்கான பாடங்களையும் பதிவு செய்ய வேண்டும். விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று மாணவர் நினைத்துவிடுவது இங்கேதான் என்பதால், அந்தத் தேதியை அவருடைய கைப்பேசியிலேயே நினைவூட்டலாகப் போட்டுக் கொடுங்கள்.

இடம் கிடைத்த பிறகும் துணை நிற்க வேண்டும். மாறிய முதல் பருவத்தில் பலருடைய மதிப்பெண் குறைவதுண்டு. பதினாறு வாரத்தில் படித்துப் பழகியவருக்குப் பத்து வாரக் காலாண்டில் முதல் இடைத்தேர்வு மூன்றாம் நான்காம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் மட்டும் அறிவியல் பாடங்களை இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி, பேராசிரியரின் சந்திப்பு நேரத்துக்கு முதல் வாரமே போய்வரச் செய்யுங்கள்.