'லிபரல்' என்றால் யார்? அரசியல் பெயர்களைப் புரிந்துகொள்வது எப்படி

செய்தியில் 'லிபரல்' என்று பார்த்தால், முதலில் எந்த நாட்டுச் செய்தி என்று பாருங்கள். அமெரிக்காவில் அது இடதுபக்கம் சாய்ந்தவர், அரசு நலத்திட்டங்களுக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும் என்பவர்; ஆஸ்திரேலியாவிலோ லிபரல் கட்சிதான் வலதுசாரிகளின் முக்கியக் கட்சி, ஜப்பானில் 1955-இல் தொடங்கிய லிபரல் ஜனநாயகக் கட்சியும் பழமைவாதக் கட்சிதான்.

அடுத்து காலம். இடது, வலது என்ற பிரிவே 1789-இல் பிரெஞ்சு தேசிய சபையில் மன்னரின் அதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்பக்கமும் எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் உட்கார்ந்ததில் வந்தது. இன்றுபோல வரிவிகிதத்தை வைத்து அன்று யாரும் பிரிந்து உட்காரவில்லை.

அப்புறம், பெயரைச் சூட்டியது யார் என்று பாருங்கள். 'பாப்புலிஸ்ட்' (சாதாரண மக்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லி ஆதரவு தேடுபவர்) என்பது இன்று பெரும்பாலும் எதிரணி வீசும் வசை, ஆனால் 1890-களில் அமெரிக்காவில் விவசாயிகள் ஆதரித்த மக்கள் கட்சிக்காரர்கள் தங்களையே அப்படித்தான் அழைத்துக்கொண்டார்கள்.

இன்னும் குழப்பமா? பெயரை விடுங்கள், வரி, தொழிற்சங்கம், குடியேற்றம் பற்றிய மசோதாக்களில் அந்தக் கட்சி எப்படி ஓட்டுப் போட்டது என்று தேடுங்கள். விவாதம் என்றால், 'சோஷலிசம் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒருவர் ஸ்வீடனின் மருத்துவ வசதியையும் இன்னொருவர் சோவியத் யூனியனையும் மனதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சண்டை போடுவது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.