ஃப்ரீபிஎஸ்டி வன்பொருள் பட்டியலில் உள்ள சிறு பிழையைத் திருத்தி அனுப்புவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தின் பின்னறையில், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறோம். பழைய கணினியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச இயங்குதளத்தை நிறுவும் முன், கணினியின் பிணைய அட்டை வேலை செய்யுமா என்பதை, அது ஏற்கும் சாதனங்களைப் பட்டியலிடும் வன்பொருள் குறிப்புகளைப் பார்த்தே முடிவு செய்கிறோம். அந்தப் பட்டியலை நம்பி ஈப்போ வரை பேருந்தில் போய் அட்டை வாங்கி வருபவர்களும் இருப்பதால், அதில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் திருத்தி அனுப்புவது கடமை என்றே கருதுகிறேன். கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில், பிழை என்று நினைப்பது பிழைதானா என்று உறுதி செய்யுங்கள். கணினியிலுள்ள அட்டைகளைப் பட்டியலிடும் பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி ஆகிய தெரிவுகளுடன் இயக்கினால் அட்டையின் நிறுவன எண், சாதன எண், ரெவ் (திருத்தப் பதிப்பு) எண் மூன்றும் வரும். அதோடு நிறுத்தாமல் அட்டையைக் கழற்றிச் சில்லையும் பாருங்கள். எங்கள் அட்டையில் தூசியைத் துடைத்ததும் ரியல்டெக்கின் நண்டுச் சின்னமும், 8139சி என்பதை அடுத்து ஒரு சிறிய கூட்டல் குறியும் தெரிந்தன. அந்தக் குறி இருந்தால் ஆர்இ என்ற இயக்கியும் (அட்டையை இயக்கும் மென்பொருள்), இல்லையென்றால் ஆர்எல் என்ற இயக்கியும் அட்டையை ஏற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் சாதன எண் 8139 தான். கூட்டல் குறி உள்ளதற்கு ரெவ் எண் பதினறும முறையில் 20 என்று இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் தவறான இயக்கியின் பக்கத்தைத் திருத்திவிடுவோம்.

நான் இடறியது அடுத்த படியில். இணையத்தில் தெரியும் வன்பொருள் குறிப்புகளின் மூலக் கோப்பைத் தேடி இரண்டு இரவுகளை இழந்தேன். இயக்கிவாரியான அந்தப் பட்டியல்கள் அங்கே கையால் எழுதப்படுபவை அல்ல. மேன் கட்டளையில் திறக்கும் கையேட்டின் நான்காம் பிரிவில் ஒவ்வோர் இயக்கியின் பக்கத்திலும் ‘ஹார்ட்வேர்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பகுதியே தானாக எடுத்துக் கோக்கப்படுகிறது. ஆகவே மூலநிரல் களஞ்சியத்தில் ஷேர், அதனுள் மேன், அதனுள் மேன்4 என்று போய், இயக்கியின் பெயரைத் தாங்கி .4 என்று முடியும் கோப்பைத் திறக்க வேண்டும். களஞ்சியத்தை நகலெடுக்கும்போது டெப்த் 1 என்று கொடுத்தால் பழைய வரலாறு முழுவதும் இறங்காது; தோட்டப்புறத்து இணைய வேகத்துக்கு அது பெரிய உதவி.

திருத்துவதற்கு வி தொகுப்பியே சிறந்தது. வரிகளைத் தானாக மடிக்கும் தொகுப்பிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் புதிய வரியில் தொடங்க வேண்டும். உள்ளடக்கம் மாறினால் கோப்பின் தலைப்பகுதியிலுள்ள தேதியையும் மாற்றுங்கள். வெறும் எழுத்துப் பிழை என்றால் தேதியைத் தொட வேண்டாம். பிறகு கையேட்டுப் பக்கங்களைச் சரிபார்க்கும் மேன்டாக்கை லின்ட் (பிழை தேடும்) முறையில் ஓட்டி, உங்கள் திருத்தத்தால் புதிதாக எழுந்த எச்சரிக்கைகளைத் தீர்த்துவிடுங்கள்.

கிட்டில் பதிவு செய்து, ஃபார்மேட்-பேட்ச் கட்டளையால் மாற்றங்களை மட்டும் கொண்ட பேட்ச் கோப்பை உருவாக்கி, ஃப்ரீபிஎஸ்டியின் பக்சில்லா என்ற பிழை அறிவிப்புத் தளத்தில் கையேட்டுப் பக்கங்களுக்குரிய பிரிவில் இணைத்து அனுப்பலாம். பிசிஐகான்ஃப் காட்டிய வரிகளையும் சான்றாகச் சேர்த்தால் சரிபார்ப்பவரின் வேலை குறையும்.

பின்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய எங்கள் வகுப்பு மாணவி ஒருவர், ஒரே சொல்லை மாற்றியும் கோப்பு முழுவதும் மாறியதாகக் கிட் காட்டுகிறது என்றார். அவர் விண்டோஸ் கணினியில் திருத்தியதால் ஒவ்வொரு வரியின் முடிவுக் குறியும் மாறியிருந்தது. தொகுப்பியில் வரி முடிவை எல்எஃப் (யூனிக்ஸ் முறை) என மாற்றிச் சேமித்ததும், வேறுபாடு ஒரே வரியாகச் சுருங்கியது.