ட்ரெவிடில் பாணி விலங்கை வெள்ளியில் செதுக்கிக் கறுப்பு நிரப்புவது எப்படி?

இங்கிலாந்தின் கார்ன்வாலில், ட்ரெவிடில் என்ற இடத்தில் 1774-இல் தகரம் தோண்டியவர்களுக்கு ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. 9-ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் விலங்கு அலங்காரத்துக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இந்தப் பாணியில் விலங்கைக் கோட்டால் வரைவதில்லை. சுற்றியுள்ள வெள்ளியை எடுத்துக் கறுப்பை நிரப்பியபின் மிஞ்சுவதுதான் விலங்கு. அதனால் தாளில் முதலில் பின்புலத்தை மையால் அடைத்துப் பாருங்கள்.

உடையில் குத்தும் புரூச் ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். அதன் வெள்ளித் தகடு 1.5 மி.மீ. கனம் இருக்கட்டும். 20 மி.மீ. அகலக் கட்டம் ஒன்றுக்கு ஒரே விலங்கு: வளைந்த முதுகு, பின்னோக்கித் திரும்பிய தலை, மழுங்கிய மூக்கு, வட்டக் கண். மூலை வெறுமையாக நின்றால் வாலையோ பாதத்தையோ அங்கே நீட்டுங்கள். உடலின் விளிம்பில் வரிசையாகச் சிறு வெட்டுகள் இடுவது இப்பாணியின் அடையாளம். அவை இல்லாவிட்டால் விலங்கு தட்டையாகத் தெரியும்.

பின்புலத்தை 0.4 மி.மீ. ஆழம் செதுக்குங்கள். சுவர் செங்குத்தாகவும் தரை சொரசொரப்பாகவும் இருந்தால்தான் கறுப்பு பிடிக்கும். ஆழம் குறைந்தால் மெருகிடும்போது வெள்ளி எட்டிப்பார்க்கும்.

கறுப்பு என்பது வெள்ளி சல்ஃபைடு. 10 கிராம் வெள்ளி அரப்பொடியுடன் 3 கிராம் கந்தகம் கலந்து, மூடிய மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) சூடாக்குங்கள். சேர்வதற்கு ஒன்றரை கிராம் போதும், மீதி எரிந்துபோகும். புகை மூச்சை அடைக்கும், திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். ஆறியதும் பொடித்துச் சலித்து, நீரில் குழைத்து, மேடாக நிரப்பி, மெதுவாக உலர்த்துங்கள். ஈரம் மிஞ்சினால் நீராவி பொடியைத் தூக்கி எறியும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். இதை உருக்கி ஊற்ற நினைக்காதீர்கள். வெள்ளி சல்ஃபைடு உருக ஏறத்தாழ 835° செ. வேண்டும், 925 வெள்ளியோ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி உள்ள கலவை) 800° தாண்டியதுமே உருகத் தொடங்கிவிடும். அடியிலிருந்து சூடேற்றி, மங்கிய சிவப்பில் (சுமார் 600°) கறுப்பு இளகியதும் எஃகுக் கரண்டியால் அழுத்தித் தேயுங்கள். தீச்சுடர் நேரே பட்டால் கந்தகம் பிரிந்து, வெள்ளி மணிகளாகத் துளிர்க்கும்.

புரூச்சின் பின்புற ஊசியைப் பற்றாசு வைத்து ஒட்டாமல் ஆணியடித்துப் பொருத்துங்கள். அக்காலப் புரூச்களில் குமிழ்த்தலை ஆணிகள் அலங்காரமாகவும் நின்றன.

கடைசியாகத் தட்டை அரம், பிறகு மரக்கட்டையில் சுற்றிய 600, 1000 எண் உப்புத்தாள். பஞ்சுச் சக்கரம் வேண்டாம், அது மென்மையான கறுப்பைக் குடைந்து பள்ளமாக்கிவிடும். அமிலக் குளியலும் கூடாது.